குளம் இளைத்த கதை

கூன்மலை அடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் நின்ற மூங்கில் ஒன்று தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்தது. காட்டு விலங்குகள் அந்த மூங்கிலில்தான் எடை பார்த்தன.

மூங்கிலின் நடுவில் ஒரு கீறல் இருந்தது. அந்த இடத்தில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும். மூங்கில் வளைந்து, அதன் நுனி தண்ணீருக்குள் போகும். எத்தனை கணு முங்குகிறதோ அதுதான் எடை. முயல் படுத்தால் நுனி இலைகூட நனையாது. முள்ளம்பன்றி படுத்தால் மூன்று கணு முங்கும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் சடையன் என்ற குரங்கு. கணுவை எண்ணிச் சொல்பவனும் அவன்தான். அவன் வந்த பிறகு அந்தக் காட்டில் யாரும் யாரையும் பார்த்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்பதில்லை. “எத்தனை கணு?” என்றுதான் கேட்டார்கள்.

கருப்பாயி என்ற கரடி அதுவரை எடை பார்த்ததே இல்லை. அவளுக்குப் பிறை என்று ஒரு பெண்குட்டி இருந்தது. குட்டி எப்போதும் தாயின் முதுகிலேயே இருக்கும். தை மாதத்தில் ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது சடையன் கூப்பிட்டான்.

“அக்கா, நீயும் ஏறிப் பாரேன். குட்டியை மட்டும் இறக்கிவிடு. இல்லாவிட்டால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.”

கருப்பாயி குட்டியை இறக்கிவிட்டு மூங்கிலில் ஏறினாள். மூங்கில் முனகிக்கொண்டு வளைந்தது.

“ஏழு!” என்று சடையன் குளம் முழுவதும் கேட்கும்படி கத்தினான். “காட்டிலேயே நீதான் முதல், அக்கா.”

மான்கள் சிரித்தன. காட்டுக்கோழிகூடச் சிரித்தது. கருப்பாயி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினாள். நேற்று வரை அவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு குறையும் தெரியாது. இன்று உடம்பு முழுவதும் குறையாகத் தெரிந்தது.

“குறைக்க என்ன வழி, தம்பி?”

“கரையான் புற்றைத் தோண்டாதே. தேனடையை நக்காதே. கிடைத்த தேனடையை அங்கேயே விட்டுவைத்தால் மனம் அதிலேயே நிற்கும். கொண்டுவந்து இந்த மூங்கிலடியில் போட்டுவிடு. பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.”

அவன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். ஒரு தேனடைகூட வீணாகவில்லை.

கருப்பாயி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். கரையான் புற்றுப் பக்கமே போகவில்லை. உதிர்ந்த பழத்தில் நாளுக்கு ஒன்பது மட்டும் எண்ணித் தின்றாள். இருபதாம் நாள் ஆறு கணு. நாற்பதாம் நாள் ஐந்து. அறுபதாம் நாள் நான்கு. அன்று மான்கள் சிரிக்கவில்லை. “எப்படி அக்கா குறைத்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்டன. எல்லோருக்குமே அந்த மாதம் கணு குறைந்திருந்தது. சடையனைப் புகழாத வாய் இல்லை.

அன்று குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் குகைக்குத் திரும்பினாள். குளத்திலிருந்து குகைக்கு நூற்று நாற்பது எட்டு வைத்து நடக்க வேண்டும். முன்பெல்லாம் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் நடந்துவிடுவாள். அன்று மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன் அம்மா அடிக்கடி உட்காருகிறாய்?” என்று பிறை கேட்டது.

“சும்மாதான்.”

“நான் கனமாகிவிட்டேனா? நானும் மூங்கிலில் ஏறட்டுமா?”

கருப்பாயி குட்டியை முதுகில் இன்னும் மேலே தள்ளிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் முள்ளம்பன்றி ஈட்டியப்பன் அவளைத் தேடி வந்தார். அவர் எதையும் நம்புவதற்கு முன் நாலு தடவை மோந்து பார்ப்பவர்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம். நேற்று நானும் விளையாட்டாக ஏறிப் படுத்தேன். ஒரு கணுதான் முங்கியது.”

“நல்லதுதானே, அண்ணே. மூன்றிலிருந்து ஒன்றா?”

“அதுதான் சந்தேகமே. இரண்டு மாதமாக நான் ஒரு கிழங்கைக்கூட விடவில்லை. தின்ற கிழங்கெல்லாம் எங்கே போயிற்று?”

இருவரும் குளத்துக்குப் போனார்கள். கருப்பாயி மூங்கிலைப் பார்க்கவில்லை. கரைப்பாறையைப் பார்த்தாள். பாறையில் பாசி படிந்த கோடு ஒன்று இருந்தது. தை மாதத்தில் தண்ணீர் அந்தக் கோடு வரை நின்றது. இப்போது தண்ணீர் இருபது விரல் கீழே இருந்தது. எப்போதும் கரையோரம் நிற்கும் நாரை இன்று நடுக்குளத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவள் மூங்கில் நுனியில் கணுவுக்குக் கணு விரலால் அளந்தாள். பத்து விரலுக்கு ஒரு கணு.

“அண்ணே, உங்களுக்கு இரண்டு கணு குறைந்தது. எனக்கு மூன்று குறைந்தது. என் மூன்றில் ஒன்றுதான் என்னுடையது. இரண்டு குளத்துடையது.”

“புரியும்படி சொல்லு.”

“தண்ணீர் இறங்கியதால் நுனி முங்கவில்லை. நாம் அவ்வளவாக இளைக்கவில்லை, அண்ணே. குளம்தான் இளைத்திருக்கிறது. அதற்குத்தான் இத்தனை நாளும் சந்தோஷப்பட்டோம்.”

ஈட்டியப்பன் தன் முள் ஒன்றை உதிர்த்துத் தண்ணீரின் விளிம்பில் குத்தி வைத்தார். வெயில் ஏறியிருந்ததால் மறுநாளே தண்ணீர் அந்த முள்ளுக்கு ஒரு விரல் கீழே போயிருந்தது. நாரை கரையேறியபோது கருப்பாயி அதன் காலை அளந்தாள். நாரை கூச்சப்பட்டது. கால் இருபத்து நான்கு விரல். நடுக்குளத்தில் அது முழுக்கால் தண்ணீரில்தான் நின்றிருந்தது.

“இருபத்து நான்கு நாளில் குளம் சேறாகிவிடும்” என்றாள் கருப்பாயி.

மலை உச்சியில் வற்றாத சுனை ஒன்று உண்டு. போகும் வழியில் ஐந்து பாறைகள். மொத்தம் எண்ணூற்றுத் தொண்ணூறு எட்டு வைக்க வேண்டும். ஏற்றத்தைவிட மோசமானது ஒன்று அங்கே இருந்தது. மூன்றாம் பாறைக்கு மேலே செந்நாய்கள் திரிந்தன. தாயின் முதுகில் இருக்கும் குட்டியிடம் அவை வருவதில்லை. தரையில் நடக்கும் குட்டியை அவை விடுவதுமில்லை.

அன்றே கருப்பாயி குட்டியைச் சுமந்துகொண்டு ஏறிப் பார்த்தாள். ஏழு முறை உட்கார்ந்து இரண்டாம் பாறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். அறுபது நாளாக எதைக் குறைத்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இறங்கி வந்ததும் முதல் வேலையாக ஒரு கரையான் புற்றைத் தோண்டினாள்.

சடையன் மரத்திலிருந்து பார்த்துவிட்டான். “என்ன அக்கா, விரதத்தை முடித்துவிட்டாயா? இப்படித் தின்றால் பழையபடி ஏழுக்குத்தான் போவாய்.”

“போகட்டும்.”

“பாடுபட்டுக் குறைத்தாயே. ஏறிப் பாரேன், இன்றைய கணக்கைச் சொல்கிறேன். குட்டியை இறக்கிவிட்டு வா.”

கருப்பாயி புற்றிலிருந்து முகத்தை எடுத்தாள். மூக்கெல்லாம் மண்.

“நான் குட்டியைச் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டியவள், தம்பி. குட்டியை இறக்கிவைத்து எடுத்த கணக்கு எனக்கு எதற்கு?”

சடையன் தலையைச் சொறிந்துகொண்டான். தலையைச் சொறிந்துகொண்டான்.

அன்றிலிருந்து அவள் வேறு கணக்கு வைத்தாள். முதல் ஐந்து நாளில், இரண்டாம் பாறை வரை உட்காராமல் போக வேண்டும். அது முடிந்தால் மூன்றாம் பாறை. உச்சியைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. வயிறு நிறையத் தின்ன வேண்டும். ஐந்து நாளுக்கு ஒரு நாள் மலைப் பக்கமே போகாமல் குகையில் படுத்துக் கிடக்க வேண்டும்.

ஈட்டியப்பனிடம் இதைச் சொன்னாள்.

“எனக்கும் ஒரு கணக்கு வேண்டும், தங்கச்சி. ஆனால் என் கால் குட்டை. உன் கணக்கு எனக்குச் சரிவராது.”

“செந்நாய் வந்தால் என்ன செய்வீர்கள்?”

“முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் நாலு எண்ணுவதற்குள் முதுகு வலித்து முள் படுத்துவிடுகிறது. வயசாகிறது அல்லவா?”

“அப்படியானால் பத்து எண்ணும் வரை நிற்பதுதான் உங்கள் கணக்கு.”

ஐந்தாம் நாள் அவள் இரண்டாம் பாறைக்கு ஒரு முறை மட்டும் உட்கார்ந்து போனாள். உட்காராமல் போனது ஏழாம் நாள்தான். பதினொன்றாம் நாள் சரளைக்கல்லில் கால் வழுக்கியது. முழங்கால் வீங்கியது. மூன்று நாள் வீணாயிற்று. குகையில் படுத்தபடி அவள் ஈட்டியப்பன் நாள்தோறும் தண்ணீரின் விளிம்பில் குத்திவந்த முட்களை நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஒரு முள்ளை விட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிவிடலாமா என்று மனம் பறந்தது. ஆனாலும் வீக்கம் இறங்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

இருபதாம் நாள், நடுவில் ஒரே ஒரு முறை உட்கார்ந்து மூன்றாம் பாறையைத் தொட்டாள். ஈட்டியப்பன் அன்று எட்டு எண்ணும் வரை நின்றார்.

“இன்னும் இரண்டு பாக்கி” என்றார் வருத்தத்துடன்.

“எனக்கும் இரண்டு பாறை பாக்கி, அண்ணே.”

இருபத்து நான்காம் நாள் குளத்தில் சேறுதான் இருந்தது. நாரை முந்தின நாளே பறந்துவிட்டது. எல்லோரும் மலை ஏறத் தொடங்கினார்கள். மான்கள் முன்னே ஓடின. கருப்பாயி குட்டியுடன் நடந்தாள். ஈட்டியப்பன் பின்னால் வந்தார்.

முதல் பாறை. இரண்டாம் பாறை. மூன்றாம் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அதற்கு மேல் உட்கார வழியில்லை. மேலே சருகு சரசரத்தது.

செந்நாய்கள் மூன்று. அவை அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் கூடவே நடந்தன. முதுகில் இருப்பது எப்போது கீழே வரும் என்று காத்திருந்தன.

நூற்றுப் பத்து எட்டு நடந்தாயிற்று. கருப்பாயியின் பின்னங்கால் நடுங்கியது. நடுக்கம் குட்டிக்கும் தெரிந்தது.

“அம்மா, நான் இறங்கி நடக்கட்டுமா? உனக்குக் கனக்கிறதே.”

“இறங்காதே. முடியைக் கெட்டியாகப் பிடி. எண்ணிக்கொண்டே வா.”

“எனக்கு இருபது வரைக்கும்தானே தெரியும்?”

“இருபது வந்தால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணு.”

ஒரு செந்நாய் பின்காலைக் கவ்வப் பாய்ந்தது. நடுவில் ஈட்டியப்பன் திரும்பி நின்று முள்ளைச் சிலிர்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. செந்நாய் மூக்கில் ஒரு முள்ளோடு பின்வாங்கியது. மற்ற இரண்டும் தயங்கின. எட்டு, ஒன்பது, பத்து. ஈட்டியப்பன் நிறுத்தவில்லை. பதினேழு எண்ணும் வரை நின்றார். அதற்குள் குட்டி நான்காவது இருபதை எண்ணிக்கொண்டிருந்தது. கருப்பாயி நான்காம் பாறையில் கால் வைத்துவிட்டாள். அங்கே நிற்காமல் ஐந்தாம் பாறைக்கு நடந்தாள். மரமில்லாத வெட்டவெளி அது. மறைவில்லாத இடத்துக்குச் செந்நாய்கள் பின்தொடரவில்லை. ஈட்டியப்பன் முள் படுத்த முதுகோடு மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்.

சுனையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. குட்டியை இறக்கிவிட்டு அவள் நெடுநேரம் குடித்தாள்.

சடையன் எல்லோருக்கும் கடைசியாக வந்தான். மூன்று மாதமாக மூங்கிலடியில் உட்கார்ந்து மற்றவர்களை எண்ணியவனுக்கு வாய் பேச மூச்சு இல்லை. கருப்பாயி ஒதுங்கி இடம் விட்டாள். “மெதுவாகக் குடி, தம்பி” என்றாள். அவனுடைய கணுவை யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தது. குளம் பாசிக்கோடு வரை நிறைந்தது. எல்லோரும் கீழே இறங்கினார்கள். பிறை இப்போது தாயோடு நடந்து வந்தது. மூங்கில் பழையபடி சாய்ந்து நின்றது. சடையனும் பழையபடி அதன் அடியில் நின்றான்.

“அக்கா, பிறை நன்றாக வளர்ந்துவிட்டாளே. அவளை ஏற்றிப் பார்ப்போமா? எத்தனை கணு என்று தெரிந்துவிடும்.”

மலையில் கணுப் பேச்சே இல்லாததால் அதை மறந்துபோயிருந்த பிறை தாயைப் பார்த்தது. “கணு என்றால் என்ன, அம்மா?”

“மூங்கிலின் மூட்டு. அவ்வளவுதான்” என்றாள் கருப்பாயி. பிறகு சடையனிடம் திரும்பினாள். “சுனைக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு எட்டு, தம்பி. போன தடவை ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த கோடையில் உட்காராமல் போக வேண்டும். நாளைக் காலையில் தொடங்கப்போகிறோம். வருகிறாயா?”

சடையன் மூங்கிலைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். “முதல் பாறை வரைக்கும் வருகிறேன்” என்றான்.

உடம்பின் எடையை மட்டும் எண்ணுகிறவர் ஏமாந்துபோவார். அந்த உடம்பால் தனக்கு ஆகவேண்டிய காரியம் என்ன என்று அறிந்து, அதற்காக நாள்தோறும் கொஞ்சம் பழகுகிறவரே உண்மையில் வலிமை பெறுவார்.