பேச்சித்தாய்க்கு யார் கொள்ளி வைப்பது?

வாக்காளர் பதிவைப் படித்துவரச் சர்க்கார் செலவில் நாலு நாடு சுற்றி வந்தவர் தேர்தல் அதிகாரி சிதம்பரநாதன். புத்தி ஏறவில்லை, தலையில் கறுப்புச் சாயம்தான் ஏறியிருந்தது.

வாக்காளர் பட்டியலில் மட்டும் செத்துப்போன உப்பளக்காரி பேச்சித்தாய், பேர் சேர்க்கும் கடைசி நாளில் அவர்முன் வந்து நின்றாள்.

"ஸ்வீடன்ல பேர் தானாச் சேரும். அமெரிக்காவுல அவனவனே போய்ப் பதியணும். இங்கே, நீ உயிரோட இருக்கேன்னு சான்றிதழ் கொண்டா" என்றார்.

"அதை யாரு சாமி தருவாக?"

"நான்தான். ஆனா செத்தவளுக்குத் தரமுடியாது."

பேச்சித்தாய் அப்படியே அவர் மேசைக்கு முன்னால் நீட்டிப் படுத்துவிட்டாள்.

"இவளைத் தூக்கி வெளியே போடுங்கய்யா!"

"பொணத்தைச் சும்மா தூக்கலாமா சாமி?" என்றாள் படுத்தபடியே. "கொள்ளிச்சட்டியோட மகன் முன்னாடி நடக்கணும். எனக்குப் பிள்ளை இல்லை. சாகடிச்சவுக நீங்கதானே, நீங்களே மொட்டை போட்டுட்டு வாங்க."

"சலூன்காரரைக் கூப்பிடட்டுமா?" என்று வரிசையில் ஒருவன் கேட்க, ஆபீஸே சிரித்தது.

அதிகாரியின் கை தலைமுடிக்குப் போனது. அங்கிருந்து நேரே பேனாவுக்கு வந்தது.

ஸ்வீடனை விடுங்கள். அன்றைக்கு இங்கேயும் பேர் தானாகச் சேர்ந்தது.