ஐம்பது நிமிடம், இருபது நிமிடம்

நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் நசீமாவிடம் வேலை பழகச் சேர்ந்தபோது தங்கப்பழத்துக்கு அறுபது வயது. போக்குவரத்துக் காவலில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நசீமாவுக்கு முப்பத்து நாலு. சாலையோர மின்பலகைகளில் என்ன எழுதுவது என்று தீர்மானிப்பவள் அவள்தான்.

"கையை நீட்டி மறிச்சாலே நிக்கமாட்டாங்க மேடம். எழுத்தைப் பார்த்தா திரும்பப் போறாங்க?" என்று முதல் வாரமே கேட்டார்.

நசீமா சிரித்தாள்.

புதன்கிழமை காலை ஆற்றுப்பாலத்தில் செங்கல் லாரி ஒன்று கவிழ்ந்தது. ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் வழி மிச்சம். வரிசை, ஏரிக்கரைச் சாலை பிரியும் இடத்து மின்பலகை வரைக்கும் நீண்டுவிட்டது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணோடு ஓர் ஆம்புலன்ஸ் அதே சாலையில் வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

"நீங்களே எழுதுங்க, ஏட்டையா."

தங்கப்பழம் தட்டினார்: மாற்றுப்பாதையில் செல்லவும்.

திரையில் பார்த்தார்கள். ஒரு வண்டிகூடத் திரும்பவில்லை.

"பாலம் மூடியாச்சுன்னு போட்டுடுவோம் மேடம். அத்தனை பேரும் ஏரிக்கரைக்குத் திரும்பிடுவாங்க."

"மூடலையே."

"ஒரு உசுரு மேடம். ரெண்டு உசுரு!"

"அத்தனை பேரும் திரும்பினா ஏரிக்கரை அடைச்சுக்கும். ரெண்டு சாலையும் ஆஸ்பத்திரி வாசல்லதானே சேருது?"

அவள் எழுதினாள்: பாலத்தில் லாரி கவிழ்ந்துள்ளது. பாலம் வழி 50 நிமிடம். ஏரிக்கரை வழி 20 நிமிடம்.

ஒரு சிவப்புக் கார் இடப்பக்கம் விளக்குப் போட்டது. பின்னால் ஒரு வேன். பிறகு ஒவ்வொன்றாக வண்டிகள் திரும்பத் தொடங்கின. தங்கப்பழம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் ஏரிக்கரை நெருக்கடியானது. நசீமா இருபதை அழித்து முப்பது என்று மாற்றினாள். திரும்பும் வண்டிகள் குறைந்தன. இதற்குள் பாலத்து வரிசையும் இளகியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது முன்னால் இருந்தவர்கள் ஒதுங்க இடம் இருந்தது. அது பாலத்தைக் கடந்து போனது.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெண் குழந்தை. தாயும் நலம்.

தங்கப்பழம் நாற்காலியை நசீமா பக்கம் திருப்பினார்.

"முப்பது வருஷம் ரோட்டுல நின்னிருக்கேன் மேடம். இத்தனை பேரை இவ்வளவு பக்குவமா என்னால பிரிக்க முடிஞ்சதில்லை. யாரு இப்படிப் போகணும், யாரு அப்படிப் போகணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நான் எங்க முடிவு பண்ணேன், ஏட்டையா? இருக்கிறதைச் சொன்னேன். மிச்சத்தை அவங்க பார்த்துக்கிட்டாங்க."