நாற்பத்தேழாம் நம்பரின் கடல்குதிரை

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வைரவநாதன் அதட்டினால் அறுப்பு மேசைப் பிணமும் எழுந்து வணக்கம் வைக்கும். மாணவர்களை அவர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அன்றைக்கு வாய்மொழித் தேர்வு. பக்கத்தில், மதிப்பெண் போட வந்த வெளியூர்த் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார்.

“நாப்பத்தேழு! மூளையில ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடம் எது?”

“ஹிப்போகேம்பஸ் சார்,” என்றாள் தாமரைக்கனி. “கிரேக்கத்துல கடல்குதிரைன்னு அர்த்தம். அது மாதிரி வளைஞ்சிருக்கிறதால வந்த பேரு.”

“பேரை வச்சது யாரு?”

“அது... ஞாபகமில்ல சார்.”

“வருஷம் பூரா சொல்லிக்கொடுத்தேன், ஒரு பேரு ஞாபகமில்லையா? உன் மண்டையில கடல்குதிரையே இல்ல. ஃபெயில்!”

“வருஷம் பூரா உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். என் பேரு என்ன சார்?”

வைரவநாதன் அவசரமாக மேசைமேல் இருந்த பட்டியலைப் புரட்டினார்; அதிலும் நம்பர்தான் இருந்தது. தேர்வாளர் சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

“உன் பேரு என்னம்மா?” என்றார் பேராசிரியர், மெதுவாக.

“நாப்பத்தேழு சார்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள் தாமரைக்கனி.