கோழியைக் கேட்காமல் முட்டை அவிக்கலாமா?

“பிள்ளைங்க பன்னிரண்டும் சோகை பிடிச்சு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுது. வாங்கி வச்ச முட்டையை அவிச்சுப் போடுறதுக்கு எதுக்குங்க கமிட்டி?”

அரைக்கால்பட்டி பால்வாடியில் சமைக்கும் பிலோமினா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டும் கூடையோடு சத்துணவுக் கமிட்டியின் மேஜை நடுவில் இருந்தன.

“அவசரப்படாதேம்மா,” என்றார் தலைவர் வைரப்பன். முந்தின நாள்தான் டவுனில் ஒரு நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். அங்கே அரசியல் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர், “சாப்பாட்டுத் திட்டம் போடச் சத்து மட்டும் தெரிந்தால் போதாது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்த்து, எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்” என்றாராம். நல்ல பேச்சுதான். கேட்ட காது யாருடையது என்பதில்தான் வினை.

“முட்டையால லாபம் யாருக்கு?” என்று ஆரம்பித்தார் தலைவர்.

“பிள்ளைங்களுக்கு,” என்றார் செயலாளர் சடையாண்டி.

“நஷ்டம்?”

சடையாண்டி ஒரு டம்ளர் டீ ஆறும்வரை யோசித்தார். “கோழிக்கு.”

தலைவருக்கு வேர்த்துவிட்டது. “நல்ல வேளை. கேட்காமலே அவிச்சிருப்போமே.”

“அப்போ பிள்ளைங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க,” என்றாள் பிலோமினா.

“அதுங்களுக்குப் பதினெட்டு வயசு ஆகலையே.”

“கோழிக்கு ஆயிடுச்சா?”

“தாய்க்கோழிகிட்டே வயசு கேட்கிறது மரியாதையில்லக்கா,” என்றார் சடையாண்டி.

ஊரில் அப்போது முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்க நின்றுகொண்டிருந்தது பிலோமினா வீட்டுக் கோழிதான். அதையே தூக்கிவந்து மேஜைமேல் விட்டார்கள். கூடையைக் கண்டதும் அது ஏறிச் சிறகை விரித்து உட்கார்ந்துவிட்டது.

“தன் தரப்பை எடுத்து வைக்குது தலைவரே.”

“முடிக்கட்டும். யாரும் குறுக்கே பேசக்கூடாது.”

கோழி இருபத்தொரு நாள் தன் தரப்பை எடுத்து வைத்தது. கமிட்டியும் தினமும் கூடி, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. ஒரு நாள் பிலோமினா துணிந்து அடியில் கையை விட்டாள். வளர்த்த கோழியே கொத்தியது. “கடும் ஆட்சேபம்” என்று சடையாண்டி எழுதிக்கொண்டார். பிள்ளைகளுக்கு அன்றைக்கும் வெறும் ரசஞ்சோறு. இரண்டு வாய் தின்பதற்குள் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள்.

இருபத்திரண்டாம் நாள் காலை கூடைக்குள் பன்னிரண்டு குஞ்சுகள்.

சடையாண்டி இரண்டு தரம் எண்ணினார். “முட்டை பன்னிரண்டு, பயனாளி பன்னிரண்டு. ஒண்ணுக்குக்கூடச் சோகையில்லை தலைவரே, எல்லாம் என்ன ஓட்டம் ஓடுது பாருங்க.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. வயதில் சின்னவர்களுக்கே முதலில் சத்துமாவு என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாதவர்களைவிடச் சின்னவர்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? அன்றைக்குத்தான் வந்திறங்கிய ஒரே மாவு மூட்டையைப் பிரித்து மேஜை முழுக்கக் கொட்டினார்கள்.

வாசலில் பன்னிரண்டு பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள்.

“தலைவரே, அந்த மாவிலே ஆளுக்கு ஒரு கரண்டியாவது இந்தப் பிள்ளைங்களுக்கு விட்டு வைங்க,” என்றாள் பிலோமினா.

தலைவர் கோழியின் பக்கம் திரும்பி, அதன் பதிலுக்காகக் கைகட்டி நின்றார்.

கோழிக்கு வாய் நிறைய மாவு.