கூட்டத்துக்கு வரவைத்தவர்

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர் மருதாசலம். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவார். வேலை விட்டபின் தெருவில் நேராக நடக்க மாட்டார். பதினோரு ஆண்டுக் குடி.

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் உண்டு என்று அவர் மனைவி அம்சவேணி ஒரு நர்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டார். கேள்விப்படுவது எளிது, கண்டுபிடிப்பதுதான் பாடு. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பரில் ஒரு மாவு மில்காரர் எடுத்தார். மூன்றாவதில் முகவரி கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போனால், இடம் மாற்றிவிட்டார்கள் என்றார்கள். விசாரித்து விசாரித்துக் கடைசியில் கண்டுபிடித்தார்: சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பறை, வியாழன் மாலை ஆறரை. அதைச் சீட்டில் எழுதிக் கணவரின் சட்டைப்பையில் வைத்தார். ஏழு வாரம், ஏழு சீட்டு. ஏழையும் அவரே சட்டையோடு சேர்த்துத் துவைத்தார்.

எட்டாம் வாரம் செங்கோடனைப் பிடித்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், மருதாசலத்தின் குடித்துணை.

"அண்ணா, வியாழக்கெழமை அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கொண்டுபோய் உட்ருங்க."

"உடறேன் அம்மிணி. ஆனா நான் உள்ள வரமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

அது தேர்தல் நேரம். செங்கோடன் நண்பரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "மாப்ள, கூட்டத்துக்குப் போலாமா?" தேர்தல் நேரத்துக் கூட்டம் என்றால் பிரியாணிப் பொட்டலமும் குவார்ட்டரும் என்று மருதாசலம் பொருள்கொண்டார். இடம் பார்த்துப் பொருள்கொள்வது இலக்கணம்தான், குறைசொல்ல முடியாது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார்.

பள்ளி வாசலில் இறக்கிவிட்டு செங்கோடன் மதுக்கடைக்குப் போய்விட்டார். உள்ளே, பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார் மருதாசலம். ஓய்வுபெற்ற தபால்காரர் பெனடிக்ட் எழுந்து, தாம் குடித்த கதையை, மகள் கல்யாணப் பந்தலில் விழுந்து கிடந்தது உட்பட, ஒளிக்காமல் சொன்னார். இவ்வளவு உண்மை பேசுகிற வேட்பாளரை மருதாசலம் பார்த்ததே இல்லை.

"தலைவர் எப்பங்க வருவாரு?"

"இங்க தலைவருன்னு யாரும் இல்லீங்க," என்றார் பெனடிக்ட்.

"அப்ப பிரியாணி?"

"டீ இருக்குதுங்க."

ஏமாந்த கோபத்தில் மருதாசலம் எழுந்து வெளியேறினார். பின்னாலேயே வந்த பெனடிக்ட் அவர் கையில் வகுப்பறைச் சாவியைத் திணித்தார். "அடுத்த வியாழன் டீ வாங்கியாந்து கதவைத் தொறக்கற மொறை உங்களுது. நீங்க வரலீன்னா பதினாலு பேரும் வெளியதான் நிக்கோணும்."

வீட்டில் பீரோ சாவியைக்கூட மருதாசலத்தின் கண்ணில் காட்டுவதில்லை. அடுத்த வியாழன் ஐந்தே முக்காலுக்கே கதவு திறந்திருந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. வாராவாரம் கொண்டுவந்து விட்டவர் செங்கோடன்தான். ஆனால் வாசலோடு சரி.

ஓராண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. அந்தக் குழுவின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு விதி உண்டு: "ஓராண்டு குடிக்காமல் இருந்தவருக்கான பதக்கத்தை, அவரை முதன்முதலில் கூட்டத்துக்கு வரவைத்தவர், குடிக்காமல் வந்து, கூட்டத்தினுள் நின்று தம் கையால் தர வேண்டும்." அன்றைக்குக் குடும்பத்தாரும் வரலாம்.

புதன் மாலை, அந்த 'வரவைத்தவர்' தாமே என்று அம்சவேணி, செங்கோடன், பெனடிக்ட் மூன்று பேரும் மருதாசலத்தின் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ரெண்டு பஸ் மாறிப் போயி எடத்தக் கண்டுபுடிச்சது ஆருங்?" என்றார் அம்சவேணி.

"எடம் அங்கயேதான இருந்துது அம்மிணி! ஆளை அங்க கொண்டுபோய்ப் போட்டது ஆரு?" என்றார் செங்கோடன்.

பெனடிக்ட் அடக்கமானவர். ஆனால் அடக்கத்துக்கும் எல்லை உண்டு. "அன்னிக்கு இவரு வந்தது குவார்ட்டருக்குங்க. எங்க கூட்டத்துக்குன்னு வந்தது ரெண்டாவது வியாழன்தான். வரவெச்சது அந்தச் சாவி."

"அப்பச் சாவியவே பதக்கம் குடுக்கச் சொல்லுங்க!" என்றார் செங்கோடன்.

மருதாசலம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை விட்டாலும் ஒரு மனம் முறியும். முந்நூற்று அறுபத்து நான்காம் நாள், மணி ஏழு. இப்படிப்பட்ட சிக்கல்களிலிருந்து நழுவ அவருக்குப் பழகிய வழி ஒன்றுதான். அந்தக் கடை பத்துவரை திறந்திருக்கும். எழுந்து செருப்பை மாட்டினார். படி இறங்கியவர், நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பேரைச் சொல்றேன். மத்த ரெண்டு பேரும் சண்டைக்கு வரக் கூடாது," என்று சொல்லி, ஒரு பெயரைச் சொன்னார்.

யார் பெயர்? மூவரில் யார் கையால் பதக்கம் வாங்குவது சரி?

விடை: செங்கோடன். 'வரவைத்தவர்' என்பது பிறவினை, ஆளை வரச் செய்தவர் என்று பொருள். அம்சவேணி கண்டுபிடித்தார், ஆனால் அவர் சீட்டுகள் மருதாசலத்தை அசைக்கவில்லை. பெனடிக்ட் வரவைத்தார், 'முதன்முதலில்' என்ற சொல் அவரைத் தள்ளிவிடுகிறது. எதற்காக வந்தார் என்று விதி கேட்கவில்லை; கேட்டால் அந்த அறையில் பாதிப் பேர் வெளியே போக வேண்டியிருக்கும், மழைக்கு ஒதுங்கி வந்தவர்கூட ஒருவர் உண்டு. இது என் விடை. மருதாசலம் இலக்கணம் பார்க்கவில்லை, விதியின் மீதிச் சொற்களைப் பார்த்தார். மற்ற இருவரும் எப்படியும் உள்ளே இருப்பார்கள். செங்கோடன் உள்ளே வந்தாக வேண்டும், அதுவும் குடிக்காமல். இது முதலில் விளங்கியது அம்சவேணிக்குத்தான். வியாழனன்று எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டியவர் அவர். அதற்கடுத்த வியாழன் மருதாசலத்துக்குக் காய்ச்சல், வீட்டிலேயே படுத்துவிட்டார். ஆனாலும் ஆறரைக்கு ஆட்டோ பள்ளி வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் யாரும் இல்லை. ஓட்டி வந்தவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனார்.