அடுத்த படம்

கல் உடைத்துப் பிழைக்கிற ஊர் அது. ஊருக்கு மேற்கே ஒரு மலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் பெரிய பள்ளமும் பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் சுற்றி வேலி போடுவதாகக் குவாரிக்காரர் சொன்னார். சொன்னதோடு சரி. மனுஷர் அடுத்த மலைக்கு வெடி வைக்கப் போய்விட்டார்.

அந்த ஊர்ப் பாலர் பள்ளியில் அமலோற்பவம் டீச்சரிடம் வேலை பழக வந்தவள் ராஜகுமாரி. டீச்சரைவிட இரண்டு வயது மூத்தவள். பெற்ற பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தாள். கதை சொல்வதில் கெட்டிக்காரி. அவள் வாயைத் திறந்தால் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகூட மூக்கை உறிஞ்ச மறந்துபோகும்.

பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் ஒரு படம், படத்துக்குக் கீழே பிள்ளையின் பெயர். கோபிகாவுக்குக் குடை. மாதேஷுக்கு ஆமை. காலையில் வந்ததும் கூடையில் துழாவி, தன் அட்டையை எடுத்துக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். கூடையில் மிஞ்சிய அட்டைகளை டீச்சர் தூக்கிக் காட்டுவார்.

"இவங்க ஏன் வரல?"

"காய்ச்சல்!" என்று பிள்ளைகள் கத்தும். "சந்தைக்குப் போயிருக்கான்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். நாலு வயது.

மறுநாள் டீச்சர் எழவு வீட்டில் இருந்தார். பள்ளியில் ராஜகுமாரி மட்டும். கூடையில் ஆமை அட்டை கிடந்தது.

"மாதேஷ் ஏன் வரல டீச்சர்?" என்று கேட்டாள் கோபிகா. அவளும் மாதேஷும் ஒரே பாயில் தூங்குகிறவர்கள். "தண்ணிக்குள்ள போயிட்டான்னு எங்கம்மா சொல்லுச்சு."

ராஜகுமாரி சட்டென்று எழுந்தாள். கை தானாக அலமாரிக்குப் போனது. மாற்றம் பற்றிச் சொல்லித்தர டீச்சர் வரைந்து வைத்த படங்கள் அங்கே இருந்தன. முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி.

"ஆமாடா தங்கம். அந்தத் தண்ணிதான் கூடு. மாதேஷ் அதுக்குள்ள தூங்கறான். றெக்கை முளைச்சதும் பட்டாம்பூச்சியாப் பறந்து வருவான்."

பிள்ளைகள் கைதட்டின. ராஜகுமாரி ஆமை அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நல்லபடியாகச் சமாளித்துவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

புதன்கிழமை மத்தியானம் தட்டு வைத்துச் சோறு போட்டபோது கோபிகாவைக் காணோம். கக்கூசில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. ராஜகுமாரி கரண்டியைக் கீழே போட்டாள். வெறுங்காலோடு ஜல்லியில் ஓடினாள்.

பள்ளத்து விளிம்பில் கோபிகா நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தாள். தூங்கப் போகுமுன் அப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் ராஜகுமாரிதான்.

கூப்பிட்டால் பயந்து வழுக்கிவிடும். சத்தம் காட்டாமல் பின்னால் போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"விடுங்க டீச்சர்! நானும் கூட்டுக்குள்ள போறேன். அவனுக்கு மட்டும் றெக்கை வந்துரும்!"

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, ராஜகுமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் ரத்தம் காய்ந்திருந்தது. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தப் புள்ளைய நான் கொன்னிருப்பேன் டீச்சர்."

டீச்சர் இல்லை என்று சொல்லவில்லை.

"அந்தக் கதை தப்பா?"

"கதையில தப்பில்ல. கடைசில புழு என்னாச்சு?"

"பட்டாம்பூச்சி ஆச்சு."

"புழு திரும்பி வந்துச்சா?"

ராஜகுமாரி யோசித்தாள். எத்தனையோ தடவை சொன்ன கதை. இதை ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

"நாலு வயசுப் புள்ளைங்ககிட்ட வேற என்னன்னு சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?" கோபமாகத்தான் கேட்டாள்.

"ஆமை அட்டை எங்க?"

ராஜகுமாரி பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கூடையில போடுங்க."

"பார்த்தா அழுவாங்க டீச்சர்."

"அழட்டும்."

மறுநாள் காலை டீச்சர் புதிதாக வரைந்த படங்களைத் தரையில் கலைத்துப் போட்டார். ஒவ்வொன்றின் கீழும் பெரிய எழுத்தில் ஒரு சொல். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. ராஜகுமாரி ஓரமாக, பழைய பட்டாம்பூச்சிப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எது முதல்ல, எது அப்புறம்? அடுக்குங்க பாப்போம்."

பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பனும் ஆத்தாளும் அன்றாடம் செய்கிற வேலை. முதலில் மலைப் படத்தை வைத்தார்கள். அடுத்து வெடியை வைத்தார்கள். அப்போது ஒருவன் பழக்கதோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டான். அப்புறம் பள்ளம். கடைசியாகத் தண்ணி. டீச்சர் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்ட, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"மலை. வெடி. பள்ளம். தண்ணி."

"பள்ளம் மறுபடி மலை ஆகுமா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டன. டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே!

"ஆகாது டீச்சர்! கல்லெல்லாம் லாரியில போயிருச்சு. எங்கப்பாதான் ஏத்துனாரு."

"திருப்பிக் கொண்டாந்து ஒட்டுனா?"

"ஒட்டாது!"

டீச்சர் கூடைக்குள் கைவிட்டு, மிஞ்சிக் கிடந்த ஒரே அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆமை.

"மாதேஷ் ஏன் வரல?"

சிரிப்பு அடங்கியது. ராஜகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

கோபிகா எழுந்தாள். டீச்சர் கையிலிருந்து ஆமை அட்டையை வாங்கினாள். தரையில் அடுக்கிய வரிசையில், தண்ணிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். கோணலாக இருந்தது. நேராக நகர்த்தினாள்.

"தண்ணிக்குள்ள போயிட்டான்."

"ஆமா. செத்துப்போயிட்டான்" என்றார் டீச்சர்.

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. கோபிகா அழவில்லை. நேரே ராஜகுமாரியிடம் வந்து கையை நீட்டினாள்.

"அடுத்த படம் குடுங்க டீச்சர்."

ராஜகுமாரியின் விரல் மடியில் இருந்த பட்டாம்பூச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த முகம் மலர்ந்துவிடும். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை, அழுகிற பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ராஜகுமாரி படங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த படம் இல்ல கண்ணு" என்றார் டீச்சர்.

கோபிகா திரும்பிப் போய் வரிசைக்கு முன்னால் குந்தினாள். ஆமைக்கு அடுத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இங்க?"

"வெறும் தரை" என்றாள் ராஜகுமாரி.