ஆறில் ஒரு குச்சி

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆட்காட்டியும் மரத்தில்தான் கூடு கட்டி வாழ்ந்தது. ஒரு பெரிய ஏரி, அதன் நடுவில் ஒரு மண்திட்டு, திட்டு நிறைய நீர்க்கடம்ப மரங்கள். நாரை, கொக்கு, நீர்க்காகம், சில்லை எல்லாம் மழைக்கு முன்பே அங்கே வந்து கூடு கட்டத் தொடங்கிவிடும்.

அந்தத் திட்டில் ஒரு வரி இருந்தது. கொண்டு வருகிற ஆறு குச்சியில் ஒன்றைப் பொதுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவற்றைக் கொண்டு நடு மரத்தில் ஒரு பொதுக்கூடு கட்டுவார்கள். சிறகு முறிந்தவை, துணையை இழந்தவை, காற்றில் கூடு போனவை எல்லாம் அதில் ஒண்டிக்கொள்ளலாம். வெயிலில் குச்சிகள் இற்றுப்போகும் என்பதால் வருஷா வருஷம் புதிதாகக் கட்டியாக வேண்டும்.

ஆட்காட்டி ஒருத்தி முந்தைய வருஷம் அந்தப் பொதுக்கூட்டில் இருந்தாள். காற்றில் அவள் கூடு போயிருந்தது. இந்த வருஷம் கூடு கட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் துணையைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்படியும் சொந்தமாகக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். கூடு கட்டுவது இருவர் வேலை. ஒருவர் குச்சியைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் செருக முடியும். அவள் ஒரு காலால் மிதித்துக்கொண்டு அலகால் செருகினாள். பாதிக் குச்சிகள் நழுவித் தண்ணீரில் விழுந்தன. சில சமயம் ஒரு குச்சி நன்றாகப் பொருந்திவிட்டால், பழக்கத்தில் பக்கத்துக் கிளையைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு அடுத்த குச்சிக்குப் பறந்து போவாள்.

அவளோடு தினமும் பேசுவது ஒரு சின்னச் சில்லைதான். அது கீழ்க்கிளையில் புல்லால் கூடு முடைந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் திட்டின் தலைவராக இருந்த அரிவாள்மூக்கன் எல்லாரையும் கூட்டினார். மஞ்சள்மூக்கு நாரை ஒரு யோசனை சொல்லியிருப்பதாகவும் அதை அவரே விளக்குவார் என்றும் சொன்னார்.

நாரை முன்னால் வந்தார். "வரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆறில் ஒன்று வேண்டாம், பன்னிரண்டில் ஒன்று போதும். எனக்கு மட்டும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பாதி."

பறவைகள் கலகலவென்று பேசத் தொடங்கின. நாரை சற்று நேரம் காத்திருந்தார்.

"போன வருஷம் என் கூட்டில் அகலம் போதவில்லை. கடைசிக் குஞ்சு விளிம்பில் நின்றது, விழுந்துவிட்டது. நான் பொதுவுக்குக் கொடுத்தது ஐம்பது குச்சி. அதில் பாதி இருந்திருந்தால் அது விழுந்திருக்காது."

ஆட்காட்டிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அது விழுந்ததை நானும் பார்த்தேன், அண்ணா. இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள். இந்தக் குறைப்பில் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"இருபத்தைந்து குச்சி."

"சில்லைக்கு?"

சில்லை கூட்டத்தின் பின்னாலிருந்து, "நான் பன்னிரண்டு புல் கொண்டு வருகிறேன். இரண்டு கொடுக்கிறேன். இனி ஒன்று கொடுத்தால் போதும். ஒரு புல் மிஞ்சும், அக்கா" என்றது. அதன் குரலில் சந்தோஷம் இருந்தது.

"அவருக்கு இருபத்தைந்து, உனக்கு ஒன்று. பொதுக்கூடோ பாதியாகிவிடும். அவர் கூடு விழுந்தால் அவர் சிறகுக்கு வேறு ஏரி இருக்கிறது. உன் கூடு விழுந்தால் நீ எங்கே போவாய்?"

"என் கூடு அகலமானால் அதன் அடியில் சில்லைகள் நனையாமல் இருக்கலாமே" என்றார் நாரை. "எனக்கு வருவது அவர்களுக்கும் கொஞ்சம் வரத்தானே செய்யும்?"

"அடியில் இருப்பவர்களுக்கு மேலே இருந்து எச்சம்தான் வரும்" என்று ஒரு கிழட்டு நீர்க்காகம் முணுமுணுத்தது. சிலர் சிரித்தார்கள். ஆனால் அதுவும் வரிக் குறைப்பின் பக்கம்தான் இருந்தது. அதற்கு ஆறு குச்சி மிஞ்சும்.

நாரை ஆட்காட்டியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நீ போன வருஷம் அந்தக் கூட்டில் இருந்தவள். அதனால் பேசுகிறாய்."

"ஆமாம், இருந்தவள்தான். இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது."

அரிவாள்மூக்கன் முடிவைக் கேட்டார். குறைக்கலாம் என்பவர்கள் கிழக்கு மரத்துக்கும், வேண்டாம் என்பவர்கள் மேற்கு மரத்துக்கும் போக வேண்டும். சிறகுகளின் சத்தம் அடங்கியபோது மேற்கு மரத்தில் ஆட்காட்டி மட்டும் உட்கார்ந்திருந்தாள். சில்லை கொஞ்ச நேரம் நடுவில் பறந்துகொண்டே இருந்தது. பிறகு அவள் பக்கம் பார்க்காமல் கிழக்கே போய் இலைகளுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு அவளோடு யாரும் சண்டை போடவில்லை. எதிரே வந்தால் வழிவிட்டார்கள், அவ்வளவுதான். சில்லை தன் கூட்டை நாரையின் கூட்டுக்கு அடியில் மாற்றிக்கொண்டது. ஆட்காட்டி ஆறில் ஒரு குச்சியையே கொடுத்து வந்தாள். குச்சி வாங்கி வைக்கும் கொக்கு, "இவ்வளவு தேவையில்லையே" என்றபோது, "பரவாயில்லை, வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னாள். ஒரு நாள் முழுவதும் அவள் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

ஐப்பசியில் புயல் வந்தது. நண்பகலிலேயே வானம் கறுத்து, காற்று மரங்களைத் தண்ணீர்வரை வளைத்தது. அகலமாகக் கட்டிய கூடுகள் மழையைக் குடித்துக் கனத்தன. நாரையின் கிளை அடிமரத்தோடு பிளந்து சரிந்தது. அதன் கீழே இருந்த சில்லைக் கூடுகளையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

பிழைத்தவர்கள் நடு மரத்துக்கு ஓடினார்கள். சில்லை மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தது. நாரையும் ஒரு குஞ்சோடு வந்தார். பொதுக்கூடு சின்னதாக இருந்தது. குச்சி போதாமல் அதன் அடிப்பாகத்தில் ஓட்டை வேறு. நனைந்த குஞ்சு ஒன்று அந்த ஓட்டை வழியே நழுவியது. சில்லை அதன் சிறகைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அலகு நிறையச் சிறகு இருந்ததால் அதனால் கத்தவும் முடியவில்லை.

ஆட்காட்டியின் கூடு சேதமில்லாமல் நின்றது. தனியாகக் கட்டியதால் தாமதமாகியிருந்தது. அன்றோ மறுநாளோ முட்டையிட வேண்டியவள். அவள் அந்தக் கூட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். பிறகு விளிம்பிலிருந்து முதல் குச்சியை உருவினாள்.

உருவிக் கொண்டுபோய் ஓட்டையில் செருகினாள். நாரை தன் நீண்ட அலகால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பிப் போய் அடுத்ததை உருவினாள். மழை விடும்வரை அப்படியே நடந்தது. கடைசியில் அவள் கூடு இருந்த கிளை வெறுங்கிளையாக இருந்தது. பொதுக்கூட்டில் எல்லாக் குஞ்சுகளும் அடங்கியிருந்தன.

"உள்ளே வா, அக்கா" என்றது சில்லை.

ஆட்காட்டி எட்டிப் பார்த்தாள். "நான் வந்தால் இரண்டு குஞ்சு வெளியே போக வேண்டும்."

"நான் அன்றைக்குக் கிழக்கே போனது…"

"தெரியும். ஒரு புல் மிஞ்சும் என்று போனாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை."

அவள் திட்டை விட்டுப் பறந்து கரைக்குப் போனாள். அங்கே மரம் இல்லை. வெறும் சரளைக்கல் தரை. கூழாங்கற்களைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் நான்கு முட்டைகள் இட்டாள்.

மூன்றாம் நாள் அரிவாள்மூக்கன் அவளைத் தேடி வந்தார். "திரும்பி வா. ஆளுக்கொரு குச்சி கொடுக்கிறோம்."

"வரி?"

அவர் தரையைப் பார்த்தார். "பேசினோம். இந்த மாதிரிப் புயல் அடிக்கடி வராது என்கிறார்கள். பொதுக்கூடே இனி வேண்டாம், அவரவர் கூட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது."

"சில்லை என்ன சொன்னது?"

"ஒன்றும் சொல்லவில்லை."

ஆட்காட்டி முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்த்தாள். "நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள். அவர் போன பிறகும் வெகுநேரம் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

அந்த வாரமே ஒரு வேடன் தோளில் வலையோடு கரைவழியாக வந்தான். திட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள்தான் முதலில் பார்த்தாள். அசையாமல் இருந்திருந்தால் கற்களோடு கற்களாக அவளும் முட்டைகளும் தப்பியிருப்பார்கள். அவள் எழுந்து, அவன் தலைக்கு மேலே பறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். திட்டிலிருந்து பறவைகள் மொத்தமாக எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன. வேடன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினான். நல்ல வேளையாக அவன் கால் முட்டைகளின் மேல் படவில்லை.

பறவைகள் மாலையில் திரும்பி வந்தன. கரைப்பக்கம் யாரும் வரவில்லை.

அன்று தொடங்கியதுதான். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை, மரத்தில் உட்காருவதும் இல்லை. வெறுந்தரையில் முட்டையிடுகிறது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடுமே என்று பார்க்காமல், ஏரியில் உள்ள அத்தனை பறவைகளுக்காகவும் தனியாகக் கத்துகிறது.